ஆறு வரி கொள்ளும் காகிதம்

2022 டிசம்பர் 18, கத்தார் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். கூடுதல் நேரத்தில் லவுத்தாரோ மார்த்தினெஸ் உதைத்த பந்தை பிரெஞ்சு கோல்கீப்பர் தடுத்துவிட, அது மெஸ்ஸியின் காலடிக்கு வந்து கோலானது. வீட்டில் எல்லோரும் மெஸ்ஸி மெஸ்ஸி என்று கத்திக்கொண்டிருந்த நேரத்தில் என் அக்கா மகன் மட்டும், "மாமா, லவுத்தாரோன்னா என்ன அர்த்தம்? ஸ்பானிஷ் பேர் மாதிரியே இல்லையே?" என்று கேட்டான். பந்தைத் தட்டிவிடுகிறவனையும் கவனிக்கிற பையன். எனக்குப் பதில் தெரியவில்லை. "ஆட்டம் முடியட்டும்டா" என்று சமாளித்தேன்.

ஆட்டம் முடிந்து தேடிப் பார்த்தால், பையன் சொன்னது சரிதான். அது ஸ்பானிஷ் பெயரே இல்லை. சிலியின் தெற்கே வாழும் மாபுச்சே மக்களின் பெயர். லெஃப்த்ராரு என்பது ஸ்பானியர் வாயில் விழுந்து லவுத்தாரோ ஆகியிருக்கிறது. வேகமான வல்லூறு என்பது போலப் பொருள். அந்தப் பெயருக்குரியவன் ஸ்பானியர்களோடு சண்டையிட்டு 1557-ல் செத்துப்போன இளைஞன். அப்படியானால் அர்ஜென்டினாவின் பாஹியா பிளாங்காவில் ஸ்பானிஷ் பேசும் குடும்பத்தில் பிறந்த ஒரு குழந்தைக்கு, ஸ்பானியரை வெட்டிச் சாய்த்தவனின் பெயர் எப்படி வந்தது? இந்தக் கேள்விதான் என்னை 'லா அரௌகானா' என்ற காவியத்தில் கொண்டுபோய் விட்டது. 37 படலம், இருபதாயிரம் வரிக்கு மேல். எனக்கு ஸ்பானிஷ் அகராதி தயவில்தான் ஓடும். ஒரு பக்கம் மூலம், ஒரு பக்கம் ஆங்கில உரைநடை என்று பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் படித்தேன். முடிக்க ஒன்றரை வருடம் ஆனது.

எழுதியவர் அலோன்சோ தே எர்சில்யா. 1533-ல் மத்ரீதில் பிறந்து, சின்ன வயதிலேயே இளவரசர் ஃபிலிப்பின் அரண்மனையில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தவர். இங்கிலாந்து ராணி மேரியை மணக்க 1554-ல் ஃபிலிப் கப்பலேறியபோது இவரும் கூடப் போனார். சிலியில் மாபுச்சேக்கள் கிளர்ந்தெழுந்து அங்கிருந்த ஆளுநர் பெத்ரோ தே வால்திவியாவைக் கொன்றுவிட்டார்கள் என்ற செய்தி அவருக்குக் கிடைத்தது லண்டனில். வயது இருபத்தொன்று. இளவரசரிடம் விடை வாங்கிக்கொண்டு, புதிதாக நியமிக்கப்பட்ட ஆளுநரோடு புறப்பட்டுவிட்டார். அந்த ஆளுநர் பனாமா பக்கம் வழியிலேயே இறந்துபோனார். எர்சில்யா பெரு வரை போய், அடுத்த ஆளுநரின் படையோடு 1557-ல் சிலியில் இறங்கினார். இந்த அடுத்த ஆளுநரின் பெயர் கார்சியா உர்தாதோ தே மெந்தோசா. பெரு வைஸ்ராயின் மகன், இருபத்திரண்டு வயதுகூட நிரம்பாதவர். இவரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருவார்.

காவியத்தின் முன்னுரையில் ஒரு செய்தி உண்டு. இதைப் போர்க்களத்திலேயே எழுதினேன், காகிதம் கிடைக்காமல் பல நேரம் தோலிலும் கிழிந்த கடிதத் துண்டுகளிலும் எழுதினேன், சில துண்டுகளில் ஆறு வரிக்குத்தான் எப்படியோ இடம் கிடைத்தது என்கிறார். முதலில் படித்தபோது, கவிஞர்கள் வழக்கமாகப் பாடும் பஞ்சப்பாட்டு என்று தாண்டிப் போய்விட்டேன். அப்புறம்தான் உறைத்தது. இந்தக் காவியத்தின் ஒவ்வொரு செய்யுளும் எட்டு வரி. பதினோரு அசை கொண்ட எட்டு வரிகள்; முதல் ஆறு வரி மாற்றி மாற்றி இயைந்து வரும், கடைசி இரண்டும் தங்களுக்குள் இயைந்து முடிச்சுப் போடும். ஆறு வரித் துண்டில் எழுதினால் முடிச்சு வெளியே விழுந்துவிடும்.

ஒருநாள் பஸ்ஸில் சும்மா இதைச் செய்து பார்த்தேன். டிக்கெட்டின் பின்பக்கம், பால்பாயின்ட் பேனா. எடுத்துக்கொண்டது முதல் படலத்தில் வரும் புகழ்பெற்ற செய்யுள். சிலியில் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிற ஒன்று. சிலி, செழிப்பான நாடு, தென்கோடியில் பேர்பெற்ற நாடு, தூரத்து இனங்களும் மதிக்கும் வலிமை கொண்டது, அங்கே பிறக்கும் மக்கள் செருக்கும் மிடுக்கும் போர்வெறியும் உள்ளவர்கள் என்று எழுதி வருவதற்குள் ஆறு வரி முடிந்து டிக்கெட்டும் முடிந்துவிட்டது. மிச்சம் இரண்டு வரி: எந்த அரசனும் அவர்களை ஒருபோதும் ஆண்டதில்லை, அந்நிய ஆட்சிக்கு அவர்கள் அடங்கியதுமில்லை. அதற்குப் பக்கத்து இருக்கைக்காரர் கீழே போட்டுவிட்டுப் போன டிக்கெட்டைப் பொறுக்க வேண்டியிருந்தது.

இந்த இரண்டு வரியை எழுதியவர் அந்த மக்களை அடக்குவதற்காகச் சம்பளம் வாங்கிக்கொண்டு போன சிப்பாய். எழுதியது யாருக்கு? காவியம் முழுக்க "ஐயா, அரசே" என்று அவர் விளிப்பது அதற்குள் ஸ்பெயினின் மன்னராகிவிட்ட அதே ஃபிலிப்பை. அடக்கச் சொல்லி அனுப்பிய ராஜாவுக்கே, "இவர்கள் யாருக்கும் அடங்கியதில்லை, ஐயா" என்று பாட்டெழுதி அனுப்பியிருக்கிறார். 1569-ல் முதல் பாகம் வந்தது, 1578-ல் இரண்டாவது, 1589-ல் மூன்றாவது. அமெரிக்க மண்ணைப் பற்றி எழுந்த முதல் பெரிய ஐரோப்பியக் காவியம் என்று இலக்கிய வரலாறுகளில் போடுவார்கள். இந்த 'முதல்' பட்டம் கொஞ்சம் தகராறானது. பிரேசிலில் போர்த்துகீசிய ஆளுநரைப் புகழ்ந்து ஆன்ஷியேட்டா என்ற ஏசுசபைப் பாதிரியார் லத்தீனில் எழுதிய காவியம் 1563-லேயே அச்சாகிவிட்டது. ஆனால் அதைத் தேடிப் படிப்பவர்கள் ஆராய்ச்சியாளர்கள்தான். 'லா அரௌகானா' வந்த மூன்றாம் வருடம், 1572-ல், போர்த்துகீசியக் கவிஞர் கமோயிஷின் 'லூசியாதுகள்' வந்தது. வாஸ்கோ ட காமாவின் பயணம். அதில் நம் மயிலாப்பூரும் தோமையாரும்கூட வருவார்கள். கமோயிஷுக்கு யார் பக்கம் நிற்பது என்பதில் சந்தேகமே இல்லை. எர்சில்யாவுக்கு முதல் செய்யுளிலிருந்தே அது ஒரு பிரச்சினை.

வால்திவியாவை முதல் சில படலங்களிலேயே பேராசைக்காரர் என்று தீர்த்துக்கட்டிவிடுகிறார். தங்கத்துக்காக மக்களைக் கசக்கினார், அதனால் வந்த வினை என்கிறார். எதிரிகள் தலைவனைத் தேர்ந்தெடுக்கும் இடத்திலோ நின்று நிதானித்து எழுதுகிறார். மாபுச்சே தலைவர்கள் விருந்தில் குடித்துவிட்டு, யார் பெரியவன் என்று அடித்துக்கொள்ளப் போகிறார்கள். அங்கே இருப்பவர்களில் மூத்தவர் கொலொகொலோ எழுந்து, இந்தக் கோபத்தை எதிரிமேல் காட்டாமல் உங்களுக்குள்ளேயே காட்டுவானேன் என்று பேசி அடக்கி, ஒரு யோசனை சொல்கிறார்: கனமான மரத்தண்டு ஒன்றைத் தோளில் யார் அதிக நேரம் சுமக்கிறாரோ அவரே தலைவர். நம் ஊர் இளவட்டக்கல் மாதிரிதான், ஆனால் இதில் தூக்கினால் போதாது, இறக்காமல் நிற்க வேண்டும். ஒவ்வொருவராகச் சுமக்கிறார்கள். இவன் இத்தனை மணி நேரம், அவன் அத்தனை மணி நேரம் என்று எர்சில்யா கணக்கு வேறு எழுதுகிறார். கடைசியில் தாமதமாக வந்து சேர்கிறான் கவுபொலிகான். பிறவியிலேயே ஒரு கண்ணில் பார்வை இல்லாதவன். தண்டைத் தோளில் ஏற்றுகிறான். பகல் போகிறது, இரவு போகிறது, மறுபகல், மறு இரவு. மூன்றாம் நாள் சூரியன் ஏறிய பிறகு எறிந்துவிட்டுத் துள்ளுகிறான். முந்நூறு வருடம் கழித்து நிகராகுவாவின் ரூபன் தாரியோ இந்தக் காட்சியை வைத்தே 'கவுபொலிகான்' என்று ஒரு பதினான்கு வரிக் கவிதை எழுதினார். "நடந்தான், நடந்தான், நடந்தான்" என்று அதில் ஒரு வரி வரும். எனக்கு இரண்டும் பிடிக்கும். ஆனால் எர்சில்யாவின் மணிக்கணக்கில் ஒரு சிப்பாயின் புத்தி தெரிகிறது. காவல் நின்றவனுக்குத்தான் நேரத்தின் பாரம் தெரியும்.

கொலொகொலோவின் அந்தப் பேச்சைப் பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சு எழுத்தாளர் வோல்டேர் எடுத்து, 'இலியத்'தில் கிழவர் நெஸ்தோர் பேசும் இடத்தோடு பக்கத்தில் வைத்து, ஹோமரை விட இதுதான் மேல் என்று எழுதினார். மற்றபடி அவருக்கு இந்தக் காவியம் பிடிக்கவில்லை. அவர் கடுப்பும் நியாயம்தான். இரண்டாம் பாகத்தில் ஃபிதோன் என்று ஒரு மந்திரவாதி வந்து கண்ணாடிக் கோளம் ஒன்றைக் காட்டுகிறான். அதற்குள் மத்தியதரைக் கடலில் 1571-ல் ஃபிலிப்பும் கூட்டாளிகளும் துருக்கியரை வென்ற லெபாந்தோ கடற்போர் ஓடுகிறது. சிலிக் காட்டுக்கும் துருக்கிக் கப்பலுக்கும் என்ன சம்பந்தம்? ராஜா படிக்க வேண்டுமே, அதுதான் சம்பந்தம். மூன்றாம் பாகத்தில் கார்த்தேஜ் ராணி திதோ கற்புள்ளவள்தான், ரோமின் பிறப்பைப் பாடும் 'ஈனியத்'தில் கவிஞர் வெர்ஜில் அநியாயமாக எழுதிவிட்டார் என்று ஒரு நீண்ட வழக்காடல் வேறு. இவற்றைப் பாதிக்குமேல் நான் புரட்டித்தான் தள்ளினேன். ஒளிக்க ஒன்றுமில்லை.

ஆனால் எர்சில்யாவே கண்ணால் பார்த்தவை வரும்போது புரட்ட முடியாது. 1557 நவம்பரில் நடந்த சண்டையில் பிடிபட்ட கல்வரினோ என்பவனின் இரண்டு கைகளையும் ஸ்பானியர்கள் வெட்டி, பார்த்துப் பயப்படட்டும் என்று அவன் ஆட்களிடமே திருப்பி அனுப்பினார்கள். அவன் மொட்டைக் கைகளைக் காட்டிக் காட்டியே அடுத்த சண்டைக்கு ஆள் சேர்த்தான். அதே மாதக் கடைசியில் மியரபுவே என்ற இடத்தில் மறுபடி தோல்வி. பிடிபட்ட தலைவர்களைத் தூக்கில் போட வரிசையாக நிறுத்துகிறார்கள். எர்சில்யா அங்கே வருகிறார். மனசு கேட்கவில்லை. ஒருவனையாவது காப்பாற்றலாம் என்று ஒருவனைக் காட்டி, "இவன் நம் பக்கம் வந்துவிட்டவன், நான் பார்த்தேன்" என்று பொய் சொல்கிறார். உடனே அந்த ஆள் மார்க்கவசத்துக்குள் மறைத்து வைத்திருந்த இரண்டு கைகளையும் மேலே தூக்குகிறான். மணிக்கட்டுக்கு மேல் ஒன்றுமில்லை, வெட்டின காயம் இன்னும் ஆறவில்லை. கல்வரினோ! அவன் எர்சில்யாவின் தயவை மறுத்துத் திட்டிவிட்டுத் தூக்குக்குப் போகிறான்.

இந்த இடத்தைப் படித்த அன்று இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிப் போய்விட்டேன். ஒரு கவிஞன் தன் காவியத்துக்குள் தானே வந்து, ஒரு பொய் சொல்லி, அந்தப் பொய்யும் பலிக்காமல் அவமானப்பட்டு நிற்பதை ராஜாவுக்குப் படிக்கக் கொடுக்கிறான். வேண்டுமென்றே இப்படித் தேர்ந்தெடுத்து எழுதினாரா, நடந்தது நடந்தபடி வந்து விழுந்ததா என்று பேராசிரியர்கள் வாதாடட்டும். ஒன்று மட்டும் சொல்லலாம். வெர்ஜில் ஜெயித்தவர்களைப் பாடினார். அவருக்குப் பின் வந்த லூகன் தோற்றவர்களைப் பாடினார். லூகன் ஸ்பெயினின் கோர்தோபாவில் பிறந்தவர், ஸ்பானியர்கள் அவரைச் சொந்தக்காரராகவே நினைப்பார்கள். எர்சில்யா இரண்டு பேரையும் படித்தவர். கல்வரினோவைப் பாடும்போது அவர் கையில் லூகன்தான் இருக்கிறார்.

கவுபொலிகானின் சாவு இன்னும் மோசம். 1558-ல் பிடித்து, ஞானஸ்நானம் கொடுத்து, கழுவேற்றினார்கள். அம்பும் எய்தார்கள். 34-ஆம் படலம் அதை விடாமல் சொல்கிறது. சொல்லி முடித்ததும் எர்சில்யா ராஜாவிடம் திரும்பி, நான் அப்போது அங்கே இல்லை ஐயா, தெற்கே புது நாடு காணப் போயிருந்தேன், இருந்திருந்தால் அந்தக் கொடுமை நின்றிருக்கும் என்கிறார். உண்மையிலேயே நிறுத்தியிருப்பாரா? கல்வரினோ விஷயத்தில் ஒரு பொய்தான் சொல்ல முடிந்தது. தெற்கே போனதற்கு மட்டும் சாட்சி வைத்திருக்கிறார். பத்துப் பேரோடு சின்னப் படகில் ஒரு நீரிணையைக் கடந்து, மரத்தில் கத்தியால் பெயரைச் செதுக்கினாராம்: 1558 பிப்ரவரி கடைசி நாள், மதியம் இரண்டு மணி. சுற்றுலாத் தலத்துப் பாறையில் பெயர் எழுதுகிறவர்களைத் திட்டும்போதெல்லாம் எனக்கு இனி இவர் ஞாபகம் வரும்.

சரி, இப்போது கார்சியா. அதே வருடம் லா இம்பெரியால் நகரில் ஒரு விழாவின்போது எர்சில்யாவுக்கும் ஹுவான் தே பினேதா என்ற இன்னொரு வீரருக்கும் தகராறு முற்றி, கத்தியை உருவிவிட்டார்கள். இளம் ஆளுநர் ஆத்திரத்தில் இரண்டு பேர் தலையையும் எடுக்கச் சொல்லிவிட்டார். கடைசி நிமிடத்தில் தண்டனை மாறி, சிறை, பிறகு நாடு கடத்தல் என்று முடிந்தது. எர்சில்யா இதையும் பாட்டில் வைத்தார்: விரிப்பின் மேல் இருந்தேன், கூரிய கத்திக்குக் கழுத்தைக் கொடுத்தாகிவிட்டது. ஆளுநரை 'அவசரக்கார இளம் தளபதி' என்று ஒரே அடியாக அடித்தார். மொத்தக் காவியத்திலும் கார்சியாவுக்குக் கிடைத்த இடம் மிகக் கொஞ்சம். போருக்குத் தலைமை வகித்தவர் அவர்தான். பெயர் வாங்கியவர்கள் கவுபொலிகானும் லவுத்தாரோவும்.

கார்சியா இதை மறக்கவில்லை. பிற்காலத்தில் அவரும் பெருவின் வைஸ்ராய் ஆனார். அவர் பெருமை பாட, சிலியின் அங்கோல் நகரில் பிறந்த பெத்ரோ தே ஓன்யா என்ற இளைஞர் 1596-ல் லீமாவில் 'அடக்கப்பட்ட அரௌகோ' என்ற காவியத்தை வெளியிட்டார். அரௌகோ என்பது மாபுச்சே நாட்டுக்கு ஸ்பானியர் வைத்த பெயர்; எர்சில்யாவின் தலைப்பும் அதிலிருந்து வந்ததுதான். தலைப்பிலேயே பதில் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், சிலி மண்ணிலேயே பிறந்த முதல் கவிஞர் என்று பெயர் வாங்கியவர் இந்த ஓன்யாதான். அவர் காவியத்தில் கவுபொலிகானும் மனைவி ஃப்ரேசியாவும் குளிக்கும் சோலையில் ஐரோப்பிய மரங்கள் நிற்கின்றன. மத்ரீத்காரர் எதிரியைப் பாடுகிறார், உள்ளூரில் பிறந்தவர் தளபதியைப் பாடுகிறார்.

ஓன்யாவை இன்று ஆர்வலர்கள் மட்டும் படிக்கிறார்கள். எர்சில்யாவுக்குக் கிடைத்த வாழ்வு வேறு. 1605-ல் வந்த செர்வான்டிஸின் 'தோன் கிஹோத்தே' நாவலில் பாதிரியாரும் நாவிதரும் சேர்ந்து புத்தகங்களைக் கொளுத்தும் படலத்தில், ஸ்பானிய மொழியின் மிகச் சிறந்த வீரகாவியங்கள் என்று மூன்றைப் பாதிரியார் காப்பாற்றுவார். ஒன்று 'லா அரௌகானா'. மற்ற இரண்டின் பெயர் இலக்கிய மாணவர்களுக்கே ஞாபகம் இருக்காது. 1841-ல் சிலியில் வாழ்ந்த அறிஞர் அந்திரேஸ் பெய்யோ, ஒரு காவியத்தால் தன் பிறப்பு பாடப்பட்ட நவீன நாடு சிலி மட்டும்தான் என்ற பொருளில் எழுதினார். சிலிக்கு 'ஈனியத்' கிடைத்துவிட்டது. எழுதியவர் அங்கே இருந்தது என்னவோ இரண்டு வருடம்கூட இல்லை.

இங்கேதான் அக்கா மகனின் கேள்விக்குப் பதில். ஸ்பெயினிலிருந்து விடுதலை கேட்டுக் கிளம்பிய சான் மார்த்தீன், ஓஹிகின்ஸ் போன்றவர்கள் தங்கள் ரகசியச் சங்கத்துக்கு வைத்த பெயர் லவுத்தாரோ சங்கம். 1818-ல் சிலியின் புதிய கடற்படையில் ஒரு போர்க்கப்பலுக்கும் அதே பெயர். தாங்களும் ஸ்பானியர்களின் வாரிசுகள்தான் என்றாலும், ஸ்பெயினை எதிர்க்க அவர்களுக்கு ஒரு மூதாதை தேவைப்பட்டது. கிடைத்த இடம் எர்சில்யாவின் காவியம். அதில் லவுத்தாரோ வால்திவியாவிடம் வேலை பார்க்கும் பையன். தன் ஆட்கள் தோற்று ஓடும்போது, சண்டையின் நடுவிலேயே பக்கம் மாறி, ஓடுகிறவர்களைத் திட்டித் திருப்பி, எஜமானரையே வீழ்த்துகிறான். விடுதலைப் போருக்கு இதைவிடத் தோதான கதை கிடைக்குமா?

அதே சிலிக் குடியரசு 1861 முதல் 1883 வரை படையெடுத்து மாபுச்சே நிலத்தைப் பிடித்துக்கொண்டது. 'சமாதானப்படுத்தல்' என்று அதற்குப் பெயர். என் இரண்டாவது டிக்கெட்டில் விழுந்த இரண்டு வரி அதுவரைதான் செல்லுபடியானது. அந்தப் படையெடுப்பின்போதே 1881-ல் எழுந்த ஓர் ஊருக்கு லவுத்தாரோ என்று பெயர் வைத்தார்கள். எர்சில்யா என்றும் அதே வட்டாரத்தில் ஓர் ஊர் உண்டு. 1925-ல் சாந்தியாகோவில் தொடங்கிய கால்பந்துக் கழகம் கொலொகொலோவின் பெயரைச் சூடிக்கொண்டது. அதன் சின்னத்தில் இருப்பது மாபுச்சே முகம். குடிகாரச் சண்டையை விலக்கிவைத்த கிழவரின் பெயரைச் சொல்லி இன்று மைதானத்தில் ஐம்பதாயிரம் தொண்டைகள் கத்தும்.

இந்தக் கதையில் மாபுச்சேக்களின் குரல் எங்கே என்று நீங்கள் கேட்கலாம். எர்சில்யாவின் கவுபொலிகான் லத்தீன் படித்தவன் போலப் பேசுகிறான்.  அது இரவல் குரல்தான். அவர்கள் மொழியான மாபுதுங்குனிலும் ஸ்பானிஷிலும் எழுதும் எலிகுரா சிஹுவாய்லாஃபுக்கு 2020-ல்தான் சிலியின் தேசிய இலக்கியப் பரிசு கிடைத்தது. சிலியின் பெருங்கவிஞர் நெரூதாவை மாபுதுங்குனுக்குக் கொண்டுபோனவர் அவர். நெரூதாவோ தன் 'காந்தோ ஹெனரால்' தொகுப்பில் எர்சில்யாவுக்கென்றே ஒரு கவிதை வைத்தவர்.

காவியத்தை முடித்தபோது எர்சில்யாவுக்கு ஐம்பத்தாறு வயது. பணக்காரர், அரச விருது பெற்றவர். ஆனால் கதை முடியவில்லை. கவுபொலிகானுக்குப் பின் மாபுச்சேக்கள் அடுத்த தலைவனைத் தேடிக் கூடும் இடத்தில் அதை அப்படியே விட்டுவிட்டு, போர்த்துகல் அரியணை ஃபிலிப்புக்கே உரியது என்ற வாதத்துக்குத் தாவி, கடைசியில் தன் வாழ்க்கையைப் பற்றிப் புலம்பத் தொடங்கிவிடுகிறார். முதல் படலத்தில் பெண்களையும் காதலையும் பாட மாட்டேன், வீரத்தைப் பாடுவேன் என்று நெஞ்சு நிமிர்த்தித் தொடங்கியவரின் கடைசி வரி, இனி நான் அழுவதே நியாயம், பாடுவது அல்ல என்று நிற்கிறது.

1594-ல் இறந்தார். நான்கு வருடம் கழித்து, 1598 டிசம்பரில், குராலாபா என்ற இடத்தில் மாபுச்சேக்கள் இன்னோர் ஆளுநரைக் கொன்றார்கள். அடுத்த சில வருடங்களில் பியோ-பியோ ஆற்றுக்குத் தெற்கே ஸ்பானியர்கள் கட்டிய ஏழு நகரங்கள் அழிந்தோ ஆளில்லாமலோ போயின. எர்சில்யாவின் கழுத்து கத்திக்குக் கீழே இருந்த லா இம்பெரியாலும் அந்த ஏழில் ஒன்று.